தெருவில் நின்ற தண்ணீரை வெள்ள வரைபடத்தில் ஏற்றுவது எப்படி? டர்பன் குடியிருப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

மழை விட்ட மறுநாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் தெரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் படங்கள் குவிந்து கிடக்கும். முட்டளவு தண்ணீர், மிதக்கும் கார், இடிந்த மதில். பிறகொரு நாள் மாநகராட்சிப் பொறியாளர் வெள்ளம் எதுவரை எட்டும் என்று வரைபடத்தில் காட்டும் வெள்ள எல்லைக்கோட்டைத் திருத்த உட்காரும்போது அந்தப் படங்களில் பெரும்பாலானவை அவருக்கு உதவுவதில்லை. எந்த இடம், எத்தனை மணி, எந்த உயரம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும்.

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், இசிப்பிங்கோ, டோங்காட், கிளேர் எஸ்டேட் பக்கம் கோயில் கமிட்டியோ தெருச் சங்கமோ இளைஞர் குழுவோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளக் கோட்டை நாம் வரையப்போவதில்லை. அதில் கையெழுத்துப் போடுவது பதிவுபெற்ற பொறியாளர். அவர் தள்ளிவைக்க முடியாத அளவுகளை அவர் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். உழைப்பு வீணாவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான்.

1. இப்போதுள்ள வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் 144ஆம் பிரிவுப்படி, புதிதாகக் குடியிருப்பு அமைப்பவர் தன் மனைத் திட்டத்தில் சராசரியாக 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டக்கூடிய கோட்டைக் காட்டியாக வேண்டும். சாட்ஸ்வர்த் வீடுகள் எழுந்தது 1960களில். அப்போது இந்தச் சட்டம் கிடையாது. அதனால் உங்கள் ஓடைக்குக் கோடு இருக்கலாம், பாதி தூரத்துக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மாநகராட்சியின் இணைய வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடி, இருக்கும் கோட்டை அச்செடுத்து வையுங்கள். அது இல்லாமல் தொடங்கினால் எதைத் திருத்துகிறோம் என்றே தெரியாது.

"2022லதான் பெருவெள்ளம் வந்துடுச்சே, இனிமே நூறு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று சொல்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். அந்தக் கோட்டின் பொருள் ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான். 20 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அந்த அளவு வெள்ளம் வர ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு உண்டு. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒருவர் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று: அந்தக் கோடு ஆறு, ஓடைகளுக்கு உரியது. தெருவின் மழைநீர்க் குழாய் நிரம்பி மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் அதில் வராது. மலைச்சரிவிலிருந்து இறங்கும் சேறும் வராது. ஆகவே முதல் நாளிலிருந்தே மூன்று நிறம் வைத்துக்கொள்ளுங்கள்: ஆற்று வெள்ளத்துக்கு நீலம், வடிகால் வெள்ளத்துக்குப் பச்சை, மண்சரிவுக்குச் சிவப்பு. மூன்றையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் ஆற்றைக் கணக்கிடுபவர் குழம்பி மொத்தத்தையும் ஓரம் கட்டிவிடுவார்.

நேரம் இருந்தால் பழைய வான்படங்களையும் தேடுங்கள். தேசியப் புவிவெளித் தகவல் அலுவலகத்திடம் 1930களிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. இன்று வீடுகள் நிற்கும் இடத்தில் அன்று ஓடையோ சதுப்போ இருந்தால் அதில் தெரியும். தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை என்று ஊரில் சும்மா சொல்லவில்லை. உம்லாஸ் ஆற்றைப் பழைய விமானநிலையத்துக்காகக் கால்வாய்க்குள் திருப்பிவிட்டார்கள். மெரிபேங்க், இசிப்பிங்கோ பக்கம் இருப்பவர்கள் பழைய போக்கைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

2. அளவெடுப்பதற்கு முன்பே அலுவலகத்தில் கேளுங்கள்

புதியவர்கள் நேராகப் போவது பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு. மீட்பும் நிவாரணமும் அவர்கள் பொறுப்பு. டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியில் ஓடைகளும் வெள்ளக் கோடுகளும் பொறியியல் பிரிவின் கீழுள்ள கடற்கரை, மழைநீர், நீர்ப்பிடிப்பு மேலாண்மைத் துறையிடம் இருக்கின்றன. அங்கே மின்னஞ்சல் அனுப்பி, வார்டு கவுன்சிலருக்கும் ஒரு நகல் போடுங்கள்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள். எங்கள் ஓடையைக் கடைசியாக எந்த ஆண்டு ஆய்வு செய்தீர்கள்? இட அளவும் உயர அளவும் எந்த முறையில் வேண்டும்? எந்தப் பகுதியில் உங்களுக்குத் தகவல் குறைவு? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தமாதிரி. எங்கே போய் அளக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

பதில் வராவிட்டால் 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. அதன்படி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டத்தை நீட்டாதீர்கள். கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய்ச் சேரும், பொறியாளரின் கண்ணில் படாது.

3. ஆட்கள், சாமான்கள்

ஓர் அணிக்கு மூன்று பேர் போதும். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் படம் எடுக்கவும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளவும். அந்த மூன்றாவது ஆளை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் குனிந்து டேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கைப்பேசி பறிபோகிறது. போகும் நாளை அந்தப் பகுதியின் காவல் மன்றத்துக்கு (போலீசும் குடியிருப்பவர்களும் சேர்ந்த குழு) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாமான்கள்: 5 மீட்டர் டேப், 30 மீட்டர் டேப், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல், ரசமட்டம், சாக்பீஸ், அழியாத மார்க்கர், பென்சில், கெட்டி அட்டையோடு படிவங்கள், பூட்ஸ், கையுறை. டியூப் லெவலுக்குக் கடையில் கிடைக்கும் 10 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயே போதும். பென்சில் எதற்கென்றால், ஈரத் தாளில் பேனா எழுதாது.

ஓடையில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்திருக்கும். இந்த மாகாணத்து ஆறுகளில் தோல் வழியாக உடலுக்குள் புகும் பில்ஹார்சியா புழு உண்டு. புதரைக் கம்பால் தட்டிவிட்டுக் காலை வையுங்கள், பாம்பு இருக்கும்.

தகரக் குடிசைப் பகுதிகளுக்குள் அங்குள்ள கமிட்டியைக் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. சுலு பேசத் தெரிந்தவர் அணியில் இல்லாவிட்டால் போகவே வேண்டாம். நம் ஆட்கள் பலர் இதைத் தட்டிக்கழிக்கிறார்கள். தங்கள் தெரு முடியும் இடத்தில் அளவும் முடிந்துவிடும். ஆனால் ஆறு வேலி பார்த்து ஓடுவதில்லை. பால்மியட் ஆறு வெஸ்ட்வில், ரிசர்வாயர் ஹில்ஸ் வழியாக இறங்கி குவாரி ரோடு வெஸ்ட் குடியிருப்பை ஒட்டித்தான் உம்கேனியில் சேர்கிறது. அந்தக் குடியிருப்பு மக்கள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து வாட்ஸ்அப் வழியாக வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு செய்தவர்கள். தண்ணீர் எந்நேரம் எவ்வளவு ஏறியது என்பது மேலே இருப்பவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

4. பெரியவர்களின் நினைவைப் பதியுங்கள்

இதற்கு ஏற்ற காலம் ஆடி மாதம். மழை இல்லாத பருவம், கஞ்சிப் பூசைக்கு எல்லோரும் கோயிலுக்கு வருவார்கள். உங்கள் பகுதியின் வான்படத்தைப் பெரிய அளவில் அச்சடித்து மண்டபத்தில் நீள மேசை மேல் விரியுங்கள். தெருப் பெயர்களைப் பெரிதாக எழுதுங்கள், கூடவே கோயில், பள்ளி, கடை, பஸ் நிறுத்தம். பெரியவர்கள் அதை வைத்துத்தான் இடத்தைச் சொல்வார்கள். சாட்ஸ்வர்த்தில் இன்றும் பகுதியை "யூனிட் 3" என்று எண்ணால் சொல்பவர் பலர். பழைய எண் சாலைக்குப் புதுப்பெயர் வந்திருக்கும். இரண்டையும் வரைபடத்தில் போடுங்கள்.

ஆண்டைக் கேட்காதீர்கள். யாருக்கும் சரியாக நினைவிருக்காது. 1987ஐ 2019 என்பார்கள், 2019ஐ 2022 என்பார்கள். பண்டிகையைக் கேளுங்கள். 1987 பெருவெள்ளம் செப்டம்பர் கடைசியில், அதாவது புரட்டாசி விரத நாட்களில் வந்தது. 2019 வெள்ளம் ஈஸ்டர் திங்களை ஒட்டி வந்தது, மாரியம்மன் கோயில் திருவிழாக் காலம். 2022 வெள்ளம் ஏப்ரல் 11, 12 தேதிகளில், தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால். "அப்போ நீங்க விரதத்துல இருந்தீங்களா?" என்ற ஒரு கேள்வி பல குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

"தண்ணி எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டால் "நிறைய" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

"ஆன்ட்டி, பின்வாசல்ல எத்தனை படி? எத்தனையாவது படி முங்கிச்சு?"

"நாலு படி, தம்பி. நாலும் முங்கி உள்ளே வந்துடுச்சு."

"உள்ளே வந்து அடுப்பு நனைஞ்சுதா? சுவத்துல இருக்கிற பிளக் நனைஞ்சுதா?"

"அடுப்புல பாதி. பிளக் நனையலை. அதனாலதான் கெட்டில் தப்பிச்சது."

இப்போது உங்களிடம் ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் இருக்கின்றன. அடுப்பின் பாதிக்கு மேல், பிளக்குக்குக் கீழ். அடுப்பையும் பிளக்கையும் அளந்தால் எண்ணாகிவிடும். அடுப்பு மாறியிருக்கிறதா, தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டார்களா என்றும் உடனே கேட்டுவிடுங்கள். புதுத் தரையில் பழைய நினைவை அளப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

தண்ணீர் வராத வீட்டையும் பதியுங்கள். "இங்கே வாசல்வரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை" என்ற தகவலுக்குப் பொறியாளரிடம் நல்ல மதிப்பு உண்டு. அவருடைய கணக்கு அந்த வீட்டை மூழ்கடித்துக் காட்டினால் கணக்கில்தான் தவறு என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வார். நஷ்டப்பட்டவரிடம் மட்டும் போய்க் கேட்கிற வழக்கத்தால் இந்தப் பக்கம் எப்போதும் வெறுமையாகவே இருக்கிறது.

மிகப் பழைய செய்திகளையும் தனித் தாளில் எழுதி வையுங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த அம்பலவாணர் ஆலயம் 1905 வெள்ளத்தில் போனது. 1917 அக்டோபரில் உம்கேனி பெருகியபோது ஸ்பிரிங்ஃபீல்டு பக்கத்துத் தகரக் குடியிருப்பு மூழ்கியது. படவட்டான் குழுவினர் ஆறு பேர் மீன்பிடிப் படகை இறக்கி 170க்கு மேற்பட்டவர்களைக் கரையேற்றினார்கள். இவற்றில் சென்டிமீட்டர் கணக்கு கிடைக்காது. ஆனால் தண்ணீர் அந்த இடத்தை எட்டக்கூடியது என்பதற்குச் சான்று இருக்கிறது.

5. வெள்ளம் வடிந்த உடனே தடத்தைத் தேடுங்கள்

நினைவைவிடச் சுவர் நம்பகமானது, ஆனால் சுவரின் நினைவு குறுகியது. அடுத்த மழையோ, வீட்டுக்காரர் கையிலுள்ள ஹோஸ் பைப்போ அதை அழித்துவிடும். ஆகவே தண்ணீர் வடிந்து பாதுகாப்பானதும், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் இறங்குங்கள். அளவெடுக்க நேரமில்லாவிட்டால் குறி மட்டும் வைத்துவிடுங்கள். தடத்தின் மேல் விளிம்பில் மார்க்கரால் ஒரு கிடைக்கோடு, பக்கத்தில் தேதி. அளவை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

தடங்களில் தரம் உண்டு. வீட்டுக்குள், அலமாரிக்குப் பின்னால், மூடிய கராஜ் சுவரில் இருக்கும் மெல்லிய சேற்றுக்கோடுதான் முதல் தரம். அங்கே தண்ணீர் அசையாமல் நின்றிருக்கும், கோடு மட்டமாக இருக்கும். வெளிச்சுவரில் ஒட்டிய புல் விதை, இலைத்தூள் கோடு அடுத்தது. வேலிக் கம்பியில் தொங்கும் பிளாஸ்டிக் பையும் கரும்புச் சக்கையும் கடைசி. வேகமாக ஓடிய தண்ணீர் அவற்றை உயரத் தூக்கி மாட்டியிருக்கும். பாரத்தில் கம்பியே சாய்ந்திருக்கவும் கூடும்.

சுவரின் எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் பக்கத்தில் தண்ணீர் மோதி ஏறும், மறுபக்கத்தில் தாழும். வேகமான ஓடையில் இந்த வித்தியாசம் 30 சென்டிமீட்டருக்கும் மேல் போகலாம். எந்தப் பக்கம் என்று சொல்லாத அளவைப் பொறியாளர் சந்தேகக் கணக்கில்தான் வைப்பார்.

ஒரே சுவரில் இரண்டு மூன்று கோடு தெரிந்தால் மேலே இருப்பதை எடுங்கள். தண்ணீர் இறங்கும்போது நின்று நின்று இறங்கும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கோடு போடும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் கீழ்க்கோடு. புதியவர்கள் அதில் டேப்பை வைத்துவிடுகிறார்கள். ஈரம் உறிஞ்சி ஏறிய கறையும் ஏமாற்றும். செங்கல் சுவர் தண்ணீரை மேலே இழுக்கும், அந்தக் கறையின் மேல் விளிம்பு அலையலையாக இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். சேறு ஒட்டினால் அது நீர்த்தடம்.

ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு படம். ஒன்று, டேப் எண் தெரியும்படி கிட்டத்தில். மற்றொன்று, வீடும் தெருவும் தெரியும்படி பத்தடி தள்ளி நின்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்தச் சுவர் என்று ஒரு மாதத்தில் எடுத்தவருக்கே தெரியாது.

6. உயரத்தை அசையாத ஒரு புள்ளியோடு கட்டுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், பெரும்பாலும் விடுபடுவதும் இதுதான். "தரையிலிருந்து 84 சென்டிமீட்டர்" என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த கேள்வி, எந்தத் தரை? சமையலறைத் தரை முற்றத்தைவிட எவ்வளவு உயரம், முற்றம் தெருவைவிட எவ்வளவு தாழ்வு என்று தெரியாமல் அந்த 84க்குப் பொருள் இல்லை. கைப்பேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். திறந்த வெளியில் இடத்தை ஒரு சில மீட்டருக்குள் சொல்லும் கருவி, உயரத்தில் அதைவிட மோசமாகத் தவறும். அது காட்டுவது கடல்மட்டத்துக்கு மேலான உயரமாகவும் இல்லாமல் இருக்கலாம். நமக்கு வேண்டியது சென்டிமீட்டர்.

வழி எளிது. வீட்டுக்கு வெளியே பல ஆண்டு அசையாமல் இருக்கும் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்: சாலையோர கெர்ப் கல்லின் மேல் விளிம்பு, மேன்ஹோலின் இரும்புச் சட்டம், பாலத்தின் கைப்பிடிச் சுவர். சில சாலையோரங்களில் நகர அளவைக் குறி என்று நில அளவையர்கள் பதித்த அடையாளம் இருக்கும். அது கிடைத்தால் பாக்கியம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். செடித்தொட்டி, மரவேர், கேட் ஆகியவை வேண்டாம். நீங்கள் எடுத்த புள்ளியின் சரியான உயரத்தை அலுவலகத்து சர்வேயர் பிறகு ஒரே நாளில் வந்து எடுத்துக்கொள்வார். ஒரு தெருவுக்கு ஒரு புள்ளி போதும்.

இனி டியூப் லெவல். குழாயில் தண்ணீர் நிரப்பி, சமையல் நிறம் ஒரு சிட்டிகை கலந்துகொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரியும். குழாயை நீட்டிப் பிடித்து, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் குமிழி இன்னும் உள்ளே இருக்கிறது.

ஒருவர் ஒரு முனையைச் சுவரில் உள்ள வெள்ளத் தடத்தோடு ஒட்டிப் பிடிக்கட்டும். மற்றவர் மறுமுனையைக் கெர்ப் கல்லுக்கு மேலே செங்குத்தாகப் பிடிக்கட்டும். தடத்தின் பக்கத்தில் நிற்பவர் தண்ணீர் மட்டம் தடத்தோடு சேரும்வரை குழாயை ஏற்றி இறக்கி, "சரி" என்று குரல் கொடுப்பார். அந்த நொடியில் கெர்ப் பக்கத்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து கல்லின் மேல் விளிம்புவரை டேப் வைத்து அளக்க வேண்டும். 1 மீட்டர் 30 என்று வந்தால், வெள்ளம் அந்தக் கல்லுக்கு மேல் 1.30 மீட்டர் உயரத்தில் நின்றிருக்கிறது. சமையலறைத் தரை, முற்றம், படி எதையும் கணக்கில் கொண்டுவர வேண்டியதில்லை.

குழாய் எட்டாத தூரமென்றால் நடுவில் ஒரு மதிலில் சாக்பீஸால் குறித்து, அங்கிருந்து மறுபடி தொடருங்கள். முடிந்ததும் ஆட்கள் முனை மாறி நின்று இன்னொரு முறை அளக்க வேண்டும். இரண்டு அளவும் 2 சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் எழுதுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது முறை. வெயிலில் நிற்கும்போது இது தொந்தரவாகத் தோன்றும். ஆனால் படிவத்தில் இரண்டு அளவும் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் பொறியாளர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போடுவார்.

7. வடிகாலையும் கல்வெர்ட்டையும் பனிக்காலத்தில் எண்ணுங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாணல் தாழ்ந்திருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும். சாலைக்கு அடியில் போகும் ஒவ்வொரு கல்வெர்ட்டுக்கும் அகலம், உயரம், குழாய் எத்தனை, எவ்வளவு அடைத்திருக்கிறது என்று குறியுங்கள். வெள்ளக் கணக்குகளில் கல்வெர்ட் முழுதாகத் திறந்திருப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் மெத்தை, மரக்கிளை, சோபா எல்லாம் அதில் சிக்கியிருக்கும். கல்வெர்ட் அடைத்தால் மேல்பக்கம் ஏரியாகும். "எங்கள் வீடு கோட்டுக்கு வெளியேதானே, பிறகு எப்படித் தண்ணீர் வந்தது?" என்று கேட்கிற வீடுகளில் பல இப்படிப்பட்ட கல்வெர்ட்டுக்கு மேல்பக்கம்தான் இருக்கும்.

வடிகால், கல்வெர்ட், நடைபாதை, புதிதாக எழுந்த வீடு இவற்றை யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே நேரடியாக ஏற்றலாம். இரண்டே எச்சரிக்கை. கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது, உரிமம் இடம் தராது. பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்பதையும் அதில் வரையாதீர்கள். இன்று தரையில் கண்ணால் பார்க்கக்கூடியதற்குத்தான் அங்கே இடம்.

8. எழுதியதைச் சரிபாருங்கள்

கைப்பேசியில் படிவம் நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலி இருந்தால் நல்லது. காகிதமும் போதும். ஒவ்வொரு தடத்துக்கும் இருக்க வேண்டியவை: வரிசை எண், எந்த வெள்ளம், இடக் குறியீடு (அட்சரேகை, தீர்க்கரேகை), தடத்தின் வகை, உள்ளா வெளியா, ஓட்டத்தின் எந்தப் பக்கம், எந்த நிலைப்புள்ளிக்கு மேல் எவ்வளவு, இரண்டாவது அளவு, தண்ணீர் உச்சம் தொட்ட நேரம், பட எண்கள், உங்கள் பார்வையில் தரம்.

கணினியில் ஏற்றும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் எப்போதும் இவைதான். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அட்சரேகைக்கு மைனஸ் குறி வேண்டும்: -29.86, 31.02. மைனஸை விட்டால் வீடு எகிப்தில், கெய்ரோவுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். இந்த நாட்டு எக்செல் தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும். சிஎஸ்வி கோப்பில் காற்புள்ளிதான் பத்திகளைப் பிரிக்கும் குறி என்பதால் ஒரு எண் இரண்டாக உடையும். சேமித்த கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து ஒருமுறை பாருங்கள். தென்னாப்பிரிக்க நில அளவை முறைக்கு நீங்களே மாற்ற முயல வேண்டாம். அதில் எண்கள் மேற்கும் தெற்கும் நோக்கிக் கூடும், தெரியாதவர் கை வைத்தால் எல்லாம் தலைகீழாகும். கைப்பேசி தரும் எண்ணை அப்படியே கொடுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், உள்ளே பதிந்த இடமும் நேரமும் போய்விடும். டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு இறக்குங்கள்.

9. ஒப்படையுங்கள்

ஒரு பக்க விளக்கம், ஒரு வரைபடம், அட்டவணைக் கோப்பு, படங்கள். அவ்வளவுதான். விளக்கத்தில் கோபமும் நிவாரணப் புகாரும் வேண்டாம், அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். உங்கள் அளவுகளில் எவை சந்தேகத்துக்குரியவை என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்றாம் தரத்தை மூன்றாம் தரம் என்று ஒப்புக்கொள்பவரின் முதல் தரத்தை நம்புவார்கள்.

வீட்டுக்காரர் பெயரும் தொலைபேசி எண்ணும் பொது வரைபடத்தில் வரக் கூடாது. 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கும். அந்த விவரம் குழுவில் ஒருவரிடம் தனித் தாளில் இருக்கட்டும்.

காலமும் முக்கியம். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்ட வரைவு மார்ச் கடைசிக்குள் மன்றத்துக்கு வரும், அதன் பிறகு மக்கள் கருத்தைக் கேட்பார்கள். உங்கள் ஓடைக்குப் புது ஆய்வு வேண்டும் என்றால் அந்த வாரங்களில் எழுத்தில் கேளுங்கள், அளவுகளையும் இணையுங்கள். ஆகஸ்டில் போய்க் கேட்டால் பணம் ஒதுக்கி முடிந்திருக்கும்.

10. கோடு நகரும் என்று பயப்படுபவர்களிடம் பேசுங்கள்

"எங்க வீட்டைக் கோட்டுக்குள்ள போட்டா இன்சூரன்ஸ் ஏறும், விக்கவும் முடியாது" என்று கதவைச் சாத்துபவர் இருப்பார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். 2022இல் வந்த தண்ணீரின் எல்லையே அப்படியே புதுக்கோடு ஆகிவிடாது. பொறியாளர் தன் கணக்கு அந்த வெள்ளத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்கத்தான் நம் தடங்களை எடுக்கிறார். அதன் பிறகே 100 ஆண்டு வெள்ளத்துக்குக் கணக்கிடுவார். சரியான அளவு இருந்தால் கோடு உள்ளே வரவும் செய்யும், வெளியே போகவும் செய்யும். சம்மதிக்காத வீட்டை விட்டுவிட்டு, அதற்கு எதிரே தெருவில் உள்ள சுவரில் அளந்துகொள்ளுங்கள்.

திருத்திய வரைவு கைக்கு வந்ததும் முழு வரைபடத்தையும் ஒரேயடியாகப் பார்த்து மலைக்காதீர்கள். முதலில் நீங்கள் "தண்ணீர் வரவில்லை" என்று பதிந்த வீடுகளைப் பாருங்கள். அவற்றில் எதையாவது அந்த வெள்ளத்துக்கான கணக்கு மூழ்கடித்துக் காட்டினால், வரிசை எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அடுத்து, அடைத்த கல்வெர்ட்டின் மேல்பக்கம். அங்கே கோடு நேராகப் போயிருந்தால் அடைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டையும் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, உங்கள் படிவங்களோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அளக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கோப்பும் அதே கெர்ப் கல்லும் வேண்டியிருக்கும்.